கூல்-எய்ட் குடித்தவர் என்று சொல்லும் முன்

மென்பொருள் நிறுவனங்களில் குழுத் தலைவர்களாகவும் மேலாளர்களாகவும் ஆங்கிலப் பயிற்சியாளர்களாகவும் இருக்கும் நண்பர்களுக்கு,



உங்கள் மீட்டிங்குகளில் அடிக்கடி காதில் விழும் ஓர் ஆங்கில வழக்கைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். ‘டிரிங்க் தி கூல்-எய்ட்’. புதிய தலைமை அதிகாரியின் திட்டத்தை ஒருவர் போகிற இடமெல்லாம் புகழ்ந்தால், அவர் கூல்-எய்டைக் குடித்துவிட்டார் என்கிறீர்கள். மேலிடம் கொண்டுவந்த புதிய டூலை ஒரு டீம் முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டால் அந்த டீமுக்கும் இதே பட்டம். கேள்வி கேட்காமல் நம்புகிறவர், கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுகிறவர் என்பது பொருள். அமெரிக்க வாடிக்கையாளர்களோடு நாள் முழுக்கப் பேசிப் பழகியவர்களின் நாக்கில் இது தானாகவே ஒட்டிக்கொள்கிறது. சொல்கிறவரும் சிரிக்கிறார், கேட்கிறவர்களும் சிரிக்கிறார்கள், அடுத்த ஸ்லைடு வந்துவிடுகிறது.

இதைச் சொல்வதை விட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்கக் காடு ஒன்றில் ஒரே மாலையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். அந்தச் சாவிலிருந்து பிறந்த பேச்சு இது. அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று அறிந்த பிறகு இதைச் சொல்லிச் சிரிக்க உங்களுக்கு மனம் வராது என்று நம்புகிறேன்.

முதலில் அந்தப் பானம். நெப்ராஸ்கா மாநிலத்தின் ஹேஸ்டிங்ஸ் என்ற சிற்றூரில் எட்வின் பெர்க்கின்ஸ் என்பவர் பழச்சுவைச் சாறு ஒன்றைப் பாட்டிலில் அடைத்து விற்றுவந்தார். பாட்டில்கள் வழியில் உடைந்தன. அனுப்பும் செலவும் அதிகம். அதனால் 1927-இல் அதையே பொடியாக்கிச் சின்ன உறையில் போட்டு விற்றார். அதுதான் கூல்-எய்ட். 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் பத்து சென்ட் விலையைப் பாதியாகக் குறைத்தார். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டியது. கோடை விடுமுறையில் நம் வீடுகளில் ரஸ்னா கலக்கியதைப் போல, அமெரிக்காவில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் கூல்-எய்ட் கலக்கிக் குடித்து வளர்ந்தார்கள். 1960-களில் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் கலந்த கூல்-எய்டை விருந்துகளில் ஊற்றிக்கொடுத்த ஒரு கூட்டமும் கலிபோர்னியாவில் இருந்தது. டாம் வுல்ஃப் 1968-இல் அதைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே கூல்-எய்ட் உண்டு. ஆனால் இன்று நீங்கள் சொல்லும் பொருள் அங்கிருந்து வந்ததல்ல. அது கயானா நாட்டின் ஜோன்ஸ்டவுனிலிருந்து வந்தது.

அங்கே போனவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இந்தக் கேலி அதைத்தான் முதலில் மறைக்கிறது.

1950-களில் இண்டியானாபொலிஸ் நகரில் ஜிம் ஜோன்ஸ் என்ற வெள்ளைக்கார இளம் போதகர் ஒரு சபையைத் தொடங்கினார். பிற்பாடு அதன் பெயர் ‘பீப்பிள்ஸ் டெம்பிள்’. வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனித் தேவாலயங்களுக்குப் போன காலம் அது. இந்தச் சபையில் இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஜோன்ஸ் தம்பதி பல இனப் பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தார்கள். 1965-இல் சபை கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. பிறகு சான் பிரான்சிஸ்கோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் வேரூன்றியது. பசித்தவர்களுக்குச் சோறு போட்டது. முதியோர் இல்லங்கள் நடத்தியது. போதைக்கு அடிமையானவர்களை மீட்டெடுத்தது. நிறவெறியில் நொந்துபோயிருந்த கறுப்பின மூதாட்டிகள் பலர், வாழ்நாளில் முதல்முறையாகத் தங்களைச் சமமாக நடத்தும் இடம் இது என்று நம்பி வந்தார்கள். ஓய்வூதியக் காசோலைகளைச் சபைக்கே எழுதிக்கொடுத்தார்கள்.

ஏமாந்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல. சான் பிரான்சிஸ்கோ மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி, 1976-இல் ஜிம் ஜோன்ஸை நகரின் வீட்டுவசதி ஆணையத்தில் உறுப்பினராக்கினார். அடுத்த ஆண்டே ஜோன்ஸ் அதன் தலைவரானார். படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் பாராட்டிய மனிதரை எளியவர்கள் நம்பியதில் என்ன மடமை இருக்கிறது? சமத்துவத்துக்கு ஆசைப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஆசையில் பிழை ஏதும் இல்லை.

உள்ளே நடந்தது வேறு. அடி, மிரட்டல், எல்லோர் முன்னிலையிலும் அவமானப்படுத்துதல், சொத்துகளை எழுதி வாங்குதல். விலகி வந்தவர்கள் வாய் திறந்தார்கள். 1977 ஆகஸ்டில் ‘நியூ வெஸ்ட்’ இதழ் அதை வெளியிட்டது. அது அச்சேறுவதற்குள் ஜோன்ஸ் கயானாவுக்குப் போய்விட்டார். அந்நாட்டின் வடமேற்குக் காட்டில், தலைநகர் ஜார்ஜ்டவுனிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் தொலைவில் சபை நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தது. அங்கே எழுந்த குடியிருப்புக்குத்தான் ஜோன்ஸ்டவுன் என்று பெயர். ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

வந்து இறங்கியவர்களின் பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு எழுதும் கடிதங்களைப் படித்துத் தணிக்கை செய்தார்கள். வயலில் வேலை செய்யும்போதும் படுக்கப் போகும்போதும் ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியுலகச் செய்தி அந்தக் குரல் வழியாக மட்டுமே வந்தது. தப்பியோட நினைத்தால் சுற்றிலும் அடர்ந்த காடு. காவலுக்கு ஆயுதம் ஏந்தியவர்கள். சில இரவுகளில் திடீரென அபாய அறிவிப்பு வரும். எதிரிகள் சூழ்ந்துவிட்டார்கள் என்று சொல்லி எல்லோரையும் கூட்டுவார்கள். அப்படி ஒரு முறை வரிசையில் நிறுத்தி ஒரு பானத்தைக் குடிக்கச் சொன்னார்கள். விஷம் என்றும் சொன்னார்கள். குடித்த பிறகு, இது சோதனைதான் என்று அறிவித்தார்கள். 1978 மே மாதம் தப்பி வந்த டெபோரா லேட்டன் இதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக்கொடுத்தார். அதற்குப் பின்னும் மாதக்கணக்கில் யாரும் உருப்படியாக எதுவும் செய்யவில்லை.

உறவினர்கள் விடாமல் கதறியதால் கலிபோர்னியாவைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் நேரில் பார்க்கப் புறப்பட்டார். நவம்பர் 17 மாலை ஜோன்ஸ்டவுனில் அவருக்குப் பாட்டும் விருந்துமாக வரவேற்பு. அந்த விருந்தின் நடுவே ஒருவர் தொலைக்காட்சி நிருபரிடம் ரகசியமாக ஒரு துண்டுச் சீட்டை நழுவவிட்டார். தங்களை இங்கிருந்து மீட்டுப் போகும்படி அதில் எழுதியிருந்தது. மறுநாள் ரயன் கிளம்பும்போது மேலும் சிலர் துணிந்து முன்வந்தார்கள். பதினைந்து பேர் அளவில் அவரோடு வெளியேறினார்கள். போர்ட் கைத்துமா விமானத் திடலில் அவர்கள் விமானம் ஏறும் நேரத்தில் ஜோன்ஸின் ஆட்கள் டிராக்டரில் வந்து சுட்டார்கள். ரயனும், பத்திரிகை, தொலைக்காட்சியைச் சேர்ந்த மூவரும், வெளியேறி வந்த ஒரு பெண்ணும் அங்கேயே இறந்தார்கள். ரயனின் உதவியாளராக வந்திருந்த 28 வயது ஜாக்கி ஸ்பியர் மீது ஐந்து குண்டுகள் பாய்ந்தன. உதவி வர 22 மணி நேரம் ஆனது. பிழைத்து எழுந்த அவர், 2008 முதல் 2023 தொடக்கம் வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார்.

அதே மாலையில் ஜோன்ஸ்டவுனின் கூடத்தில் நடந்தது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. ஏறத்தாழ முக்கால் மணி நேரப் பதிவு. நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு குரல் அதில் இருக்கிறது. கிறிஸ்டீன் மில்லர் என்ற கறுப்பினப் பெண்மணியின் குரல். அறுபது வயதை ஒட்டியவர். எல்லோரும் சாக வேண்டும் என்று ஜோன்ஸ் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்று கேள்வி கேட்கிறார். ரஷ்யாவுக்குப் போய்விடலாம் என்று முன்பு சொன்னீர்களே, அதற்கு இனி வழியே இல்லையா என்கிறார். ஒரு சிலர் வெளியேறிப் போனதற்காக இத்தனை பேர் உயிரை விடுவதா என்கிறார். இந்தக் குழந்தைகளைப் பார்க்கிறேன், இவர்கள் வாழ வேண்டியவர்கள் என்கிறார். தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்கிறார். குரல் உயர்த்தாமல், மரியாதையாக, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார். ஜோன்ஸ் ஒவ்வொன்றுக்கும் சுற்றி வளைத்துப் பதில் சொல்கிறார். பிறகு கூட்டம் கிறிஸ்டீன் மேல் பாய்கிறது. உனக்குச் சாகப் பயம் என்கிறார்கள். ஜோன்ஸ் இல்லாவிட்டால் நீ ஏது என்கிறார்கள். அவர் அடங்கிப் போகும்வரை விடவில்லை.

அன்று அங்கே கேள்வி கேட்க ஆள் இருந்தது. அந்தக் கேள்விக்கு இடம் இல்லாமல் போனது.

விஷத்தைக் குழந்தைகளுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் திராட்சைச் சுவைப் பானத்தை உறிஞ்சி, கைக்குழந்தைகளின் வாயில் பீய்ச்சினார்கள். அதில் சயனைடும் மயக்க மருந்துகளும் கலந்திருந்தன. அது வலியில்லாத சாவு என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் அலறல் அந்த நாடாவில் கேட்கிறது. பெற்ற பிள்ளை மடியில் துடித்து அடங்கியதைப் பார்த்த ஒரு தாய், அடுத்த கோப்பையை வாங்கிக் குடித்தால் அதை விருப்பச் சாவு என்று எப்படிச் சொல்வது? கூடத்தைச் சுற்றி ஆயுதம் ஏந்திய காவலர்கள் நின்றார்கள். கயானாவின் தலைமை நோய்க்கூறியல் மருத்துவர் லெஸ்லி மூட்டூ சில நாட்களில் அங்கே போய் உடல்களைச் சோதித்தார். பலருடைய உடலில், தாங்களாகவே குத்திக்கொள்ள முடியாத இடங்களில் ஊசி குத்திய தடங்கள் இருப்பதைக் கண்டார். கயானாவின் மரண விசாரணையும் பெரும்பாலான சாவுகளைக் கொலை என்றே முடிவு செய்தது. ஜோன்ஸ் அந்தப் பானத்தைக் குடிக்கவில்லை. தலையில் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தார்.

ஜோன்ஸ்டவுனில் 909 பேர், விமானத் திடலில் ஐவர், ஜார்ஜ்டவுனில் சபைக்கு இருந்த வீட்டில் ஒரு தாயும் அவருடைய மூன்று பிள்ளைகளும்: மொத்தம் 918. இறந்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் கறுப்பினத்தவர். உலகத்துக்கு முதலில் கிடைத்த எண்ணிக்கை 400 அளவில்தான் இருந்தது. மற்றவர்கள் காட்டுக்குள் ஓடியிருப்பார்கள் என்று எண்ணித் தேடினார்கள். உடல்களை அகற்றத் தொடங்கியபோதுதான் விவரம் தெரிந்தது. பெரியவர்களின் உடல்களுக்குக் கீழே இன்னும் உடல்கள் இருந்தன. அவற்றில் பல, குழந்தைகளின் உடல்கள்.

தப்பியவர்களும் உண்டு. அன்று காலையிலேயே பதினொரு பேர், பிக்னிக் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் 21 வயது லெஸ்லி வாக்னர்-வில்சன். மூன்று வயதுகூட ஆகாத மகனைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நடந்து மேத்யூஸ் ரிட்ஜ் என்ற ஊரை அடைந்தார். பின்னால் விட்டுவந்த தாய், உடன்பிறந்தவர்கள், கணவர் எல்லோரையும் அன்று இழந்தார். குடியிருப்பிலேயே தங்கியிருந்த 76 வயது மூதாட்டி ஒருவர், கட்டிலுக்கு அடியில் ஒளிந்து பிழைத்தார். காலையில் வெளியே வந்து பார்த்தபோது அவருடைய தங்கை உட்பட எல்லோரும் இறந்து கிடந்தார்கள்.

செத்த பிறகும் அவர்களுக்கு மரியாதை கிடைக்கவில்லை. உடல்களை டெலவேரில் உள்ள டோவர் விமானப்படைத் தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அடையாளம் தெரியாதவர்களும் யாரும் கேட்டு வராதவர்களுமாக 400-க்கும் மேற்பட்ட உடல்கள் மிஞ்சின. அவற்றைப் புதைக்கப் பல கல்லறைத் தோட்டங்கள் இடம் தர மறுத்தன. கடைசியில் ஓக்லாந்தின் எவர்கிரீன் கல்லறைத் தோட்டம் ஒத்துக்கொண்டது. 1979-இல் அங்கே ஒரு சரிவில் மொத்தமாகப் புதைத்தார்கள். இறந்தவர்கள் அனைவரின் பெயர்களையும் பொறித்த கற்பலகைகள் அங்கே வர 2011 ஆனது. 2014-இல் டோவரில் மூடிக்கிடந்த ஒரு சவ அடக்க நிலையத்தைச் சோதித்தபோது, ஜோன்ஸ்டவுனில் இறந்த ஒன்பது பேரின் சாம்பல் அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது.

கல்லறைக்கு இடம் கிடைக்கத் தடுமாறிய அதே மனிதர்கள்தான் கேலிப் பேச்சுக்குள் சுலபமாக இடம்பிடித்துவிட்டார்கள். 1980-களில் இந்த வழக்கு அரசியல்வாதிகளின் வாயில் தலைகாட்டத் தொடங்கியது. 1984-இல் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஆணையத்தின் தலைவராக இருந்த கிளாரன்ஸ் பெண்டில்டன், மற்றக் கறுப்பினத் தலைவர்களைச் சாடுவதற்கு ஜோன்ஸ்டவுனையும் கூல்-எய்டையும் இழுத்தார். பிறகு கணினி நிறுவனங்கள் பெருகிய காலத்தில் இது அலுவலகப் பேச்சாயிற்று. 2012-இல் ஃபோர்ப்ஸ் இதழ் மிகவும் எரிச்சலூட்டும் அலுவலகப் பேச்சு எது என்று போட்டி வைத்தபோது, இதற்கே முதலிடம் கிடைத்தது. எரிச்சல் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன்.

இதைச் சொல்லும்போது நாம் மூன்று பொய்களைச் சேர்த்தே சொல்கிறோம். முதலாவது சிறியது: அன்று தொட்டியில் கரைத்தது பெரும்பாலும் ஃப்ளேவர் எய்ட் என்ற இன்னொரு பொடி. இரண்டாவது பெரியது: அவர்கள் விரும்பிக் குடித்தார்கள் என்பது. மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள். ஊசியால் செத்தவர்கள் உண்டு. துப்பாக்கி முனையில் நின்றவர்கள் உண்டு. நம்பிக்கையோடு தாமாகவே குடித்தவர்களும் இருந்தார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களையும் மாதக்கணக்கில் சரியான தூக்கமில்லாமல், செய்தியில்லாமல், வெளியேற வழியில்லாமல் அடைத்து வைத்துத்தான் அந்த இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாவது பொய்தான் மிகவும் கெட்டது: குற்றம் நம்பியவர்கள் மேல் என்பது. இந்தப் பேச்சில் ஜிம் ஜோன்ஸ் இல்லை. விஷத்தை வாங்கியவர் இல்லை, கலந்தவர் இல்லை, காவல் நின்றவர் இல்லை. குடித்தவர் மட்டும் இருக்கிறார், அவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

இதை முதலில் சொல்வது நான் அல்ல. ஜோன்ஸ்டவுனில் இரண்டு சகோதரிகளை இழந்தவர் ரெபெக்கா மூர் என்ற சமய ஆய்வாளர். ஒரு பேரவலம் எப்படிப் பேச்சுவழக்காகத் தேய்ந்தது என்று அவர் கட்டுரை எழுதியிருக்கிறார். இறந்தவர்களின் பெயர்களையும் ஆவணங்களையும் பல்லாண்டுகளாகத் திரட்டிப் பாதுகாத்து வருகிறார். எஃப்.பி.ஐ. வெளியிட்ட ஆவணங்களைப் படித்து ஜோன்ஸ்டவுன் வரலாற்றை எழுதிய ஜூலியா ஷீரஸும் இந்த வழக்கைக் கண்டித்திருக்கிறார். உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் வாடிக்கையாளர் நிறுவனத்தில், நீங்கள் பேசும் அதே வீடியோ அழைப்பில் இருக்கக்கூடும்.

உங்களிடம் நான் கேட்பவை இவை.

பயிற்சியாளர்களே, அலுவலக ஆங்கிலம் என்று பட்டியல் போட்டு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். பொருளைச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் சொன்னால் அவர்களுக்குப் புரிய வேண்டும். அதோடு 1978-இல் நடந்ததையும் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். தெரிந்தபின் அதைப் பேசுவதும் விடுவதும் அவர்கள் பாடு. தெரியாமலே பேசவைப்பது நம் குற்றம்.

குழுத் தலைவர்களே, நீங்கள் சொல்ல வருவதை நேராகச் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தை அவர் ஆராயாமல் ஏற்றுக்கொண்டார் என்று சொன்னால் யாருக்கும் புரியும். பேச்சில் கொஞ்சம் காரம் வேண்டுமென்றால் ‘ஆமாம் சாமி போடுகிறார்’ என்று சொல்ல நமக்குத் தெரியாதா? அதில் யாருடைய பிணமும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளர் இதைச் சொன்னால் அவருக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. நீங்கள் திருப்பிச் சொல்லாமல் இருந்தால் போதும். பழகியவர் கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள்.

மேலாளர்களே, உங்களுக்குத்தான் இதில் வேலை அதிகம். ஓர் அலுவலகத்தை ஜோன்ஸ்டவுனோடு ஒப்பிடவே கூடாது. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எல்லோருக்கும் கதவு திறந்திருக்கிறது. ஆனால் கேள்வி கேட்பவரைக் கூட்டத்தைக் கொண்டே அடக்குவது எந்த மேசையைச் சுற்றியும் நடக்கக்கூடியது. ஒரு குழு எல்லாவற்றுக்கும் தலையாட்டினால், தலையாட்டுகிறவர்களைப் பழிப்பதற்கு முன் அங்கே மறுத்துப் பேசியவருக்கு முன்பு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். கடைசியாக மாற்றுக் கருத்து சொன்னவரின் அப்ரைசல் என்ன ஆனது என்று பாருங்கள். கெட்ட செய்தி உங்களிடம் வந்து சேர எத்தனை பேரைத் தாண்ட வேண்டியிருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். குறை, தலையாட்டுகிறவர்களிடம் இருப்பதைவிட, கேள்வி கேட்க விடாதவர்களிடம்தான் அதிகம் இருக்கும்.

அடுத்த மீட்டிங்கில் எல்லோரும் சரி என்று சொன்ன பிறகு, ஒருவர் மட்டும் எழுந்து எனக்கு இதில் சந்தேகம் இருக்கிறது என்று தொடங்கினால், அவரை முடிக்கும்வரை பேச விடுங்கள். மற்றவர்கள் குறுக்கிட்டால் நீங்கள் தடுங்கள். கிறிஸ்டீன் மில்லருக்காக அங்கே அதைச் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. நீங்கள் செய்ய முடியும். அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

அன்புடன்,
உங்களைப் போலவே ஆங்கிலத்தில் அலுவலகம் நடத்தித் தமிழில் வீடு திரும்பும் ஒருவர்